பேனா வளைந்துதான் போகும்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் என் மகள் சின்னதும் சுகமாக இருக்கிறோம். உன் இடது காது எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து விடுகிறாயா, இல்லை புட்டியை அழகுக்கு வைத்திருக்கிறாயா? போனில் நீ "ஆங்? ஆங்?" என்று கத்த, நான் பதிலுக்குக் கத்த, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்ட, போதும் போதும் என்றாகிவிட்டது. இனிமேல் கடிதம்தான். நீ ஊமைக்கோட்டான், பேசவே காசு கேட்பாய். எழுதவாவது செய்.

எனக்கு வேலையில் இடம் மாற்றிவிட்டார்கள். தொழிற்சாலையைப் புது ஆட்கள் வாங்கியிருக்கிறார்கள். பழைய வட்டத்தாள்களையெல்லாம் கணினியில் ஏற்ற வேண்டுமாம். டின்களை வேகவைக்கும் டேங்குக்குப் பக்கத்தில் தினமும் காலையில் மாட்டுவீர்களே, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு தாள், அதுதான். ஒரு நாளைக்கு ஒரு சுற்றுச் சுற்றி, நீராவி அழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் சிவப்பு மையில் கோடாகப் போடும். அந்த டேங்கடியில் உன் மாமா போன பிறகு இரக்கப்பட்டுக் கொடுத்த நாற்காலி என்னுடையது. ஒன்பது வருடமாக அதில் உட்கார்ந்து தபாலுக்கு முத்திரை குத்தினேன். இப்போது ரெக்கார்டு அறையில் உட்கார்ந்து வட்டத்தை நீட்டுகிறேன். ஜன்னல் இல்லை, மின்விசிறி உண்டு. அதை ஓடவிட்டால் தாள்கள் பறக்கும்.

சின்னது உன் மாமாவின் குடைக்குப் புதுக் கம்பி போட்டுவிட்டாள். கதவுக்குப் பின்னால் இத்தனை நாள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காது அப்படியேதான் இருக்கிறது. மருந்து விடுகிறேன்.

இங்கே பதினான்கு மாடிக்கும் தண்ணீர் ஏற்றுவது என் வேலை. நான்கு மோட்டார், ஒரு நோட்டுப் புத்தகம். மோட்டாரை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பிறகுதான் நேரத்தை எழுதுவேன். மற்ற ஷிப்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எந்த எந்த வருடத்துத் தாள்களை ஏற்றுகிறீர்கள்? எல்லாமேவா?

சின்னதை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? ஒரு பக்கம் எழுதிவிட்டாய், மழைதான் வரப்போகிறது. இங்கே எனக்குக் கண் எரிச்சல் தவிர வேறொன்றும் இல்லை.

எல்லா வருடமும்தான். பன்னிரண்டு வருடத்துக் கட்டு. தாளைக் கண்ணாடியில் வைத்துப் படம் எடுத்ததும் கணினி என்னிடம் மூன்று கேள்வி கேட்கும். மையம் எது, வெளி வட்டம் எது, நடுப்பகல் எந்தப் பக்கம். மூன்றையும் தொட்டுக் காட்டினால் போதும், வட்டம் வெட்டுப்பட்டு நீளமாகப் படுத்துக்கொள்ளும். சுற்றியிருந்தது இடமிருந்து வலமாக மணியாகிவிடும். மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அது உயரமாகி அழுத்தத்தைக் காட்டும். மையத்தை மட்டும் ஒரு மயிரிழை தவறவிட்டேனோ, நேர்கோடு பாம்பாக நெளியும். நடுத்துளை கிழிந்த தாள் வந்தால் அரை நாள் போய்விடும். பச்சையில் அச்சடித்த கட்டங்களை மெஷின் முதலிலேயே துடைத்துவிடும், இல்லாவிட்டால் அவை மையோடு குழம்பும். கடைசியில் வெள்ளையில் ஒற்றைச் சிவப்புக் கோடு மட்டும் நிற்கும்.

இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த மூக்குக்கண்ணாடி போட்ட பையன் கெட்டிக்காரன். டேங்கைத்தான் அவன் வரைபடத்தில் தவிரக் கண்ணால் பார்த்ததில்லை. "அதுக்கு ஏன் மேடம் மூடி இவ்ளோ பெருசு?" என்று கேட்டான். நான் அடுத்த தாளை எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன்.

நம் வருடத்துப் பெட்டி மூன்றாவது அடுக்கில் இருக்கிறது. அடுத்த மாதம் முறை வரும். உன் மாமா போன அந்த நாளின் தாளும் அதில் இருக்க வேண்டும். அன்று விசாரணைக்கு வந்தவர்கள் ஷிப்டுப் புத்தகத்தை மட்டும்தான் புரட்டினார்கள், தாளைத் தொடவில்லை. "1:20க்கு நீராவி நிறுத்தம்" என்று உன் கையெழுத்தில் இருந்தது. நிறுத்தி நாற்பது நிமிடம் ஆறவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். அதன்படி இரண்டுக்கே ஆறியிருக்க வேண்டும். இரண்டு ஐந்துக்கு அவர் திறந்தபோது உள்ளே இன்னும் அழுத்தம் இருந்தது. அதனால் நீராவியை வெளியே விடும் மேல் குழாயை அவர் சரியாகத் திறக்கவில்லை என்று முடிவு கட்டி, ஃபைலில் அவர் பேருக்கு நேரே "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்குக் கீழேதான் நான் தினமும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுகிறேன்.

காதைக் குடையாதே.

அக்கா


பிப்ரவரி 25

அக்காவுக்கு,

நலம்.

அந்தப் பெட்டியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. நீ செய்யாதே.

தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீ செய்யாதே என்றாய், நான் செய்துவிட்டேன். வேறு யாரிடம் கொடுப்பேன்? ரெக்கார்டு அறையில் நானும் மின்விசிறியும்தான்.

தாள் நன்றாகவே இருந்தது. பின்பக்கம் தேதியும் உன் சுருக்கக் கையெழுத்தும் இருந்தன. இரண்டு நிமிடத்துக்கு மேல் அதைக் கையில் வைத்திருக்கவில்லை. கண்ணாடியில் வைத்தேன், மூன்று இடத்தைத் தொட்டேன், வந்துவிட்டது. அழுவேன் என்று கைக்குட்டை எடுத்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல நானே என்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

அச்செடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீராவி நிறுத்திய இடத்தில் கோடு இறங்கத் தொடங்குகிறது பார், மிகச் சரியாக 1:20. புத்தகமும் தாளும் ஒன்றுதான் சொல்கின்றன. மூடி திறந்த வெட்டு மட்டும் 1:59 என்று விழுகிறது. ஊருக்கே சத்தம் கேட்டது இரண்டு ஐந்துக்கு. "ஆறு நிமிஷம்தானே மேடம், ரெக்கார்டர் கடிகாரம் லேட்டா ஓடிருக்கும்" என்றான் கண்ணாடிக்காரன்.

உன்னிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஒன்பது வருடமும் உன்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பதினாறாம் நாளே நீ ஊரைவிட்டுப் போனாய், திரும்பிப் பார்க்கவில்லை. அதிலிருந்து மனத்தின் மூலையில் அது கிடந்தது. நேற்று அதைப் பெருக்கித் தள்ளிவிட்டேன். தப்பு அவருடையதுதான். மேல் குழாயை அவரேதான் சரியாகத் திறக்காமல் விட்டிருக்கிறார். அதோடு இருக்கப் பழகிக்கொள்வேன்.

சின்னது ஜூனில் வேலையில் சேருகிறாள், கண் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில். அதற்கு நீ வர வேண்டும். சாக்குச் சொல்லாதே. மாமன் முகம் அவளுக்கே மறந்துவிட்டது.

காதுக்கு இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். வா, காட்டலாம்.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? கடிதம் வந்து சேர்ந்ததா? படம் மடங்காமல் வந்ததா?

கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறாய். விடுப்புக் கேட்டாயா, அதை மட்டுமாவது எழுது. சின்னது உனக்குக் கட்டில் எங்கே போடலாம் என்று அளந்துகொண்டிருக்கிறாள்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆறு வாரமாகப் படம் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

நான் வருவதாகத்தான் இருந்தேன். பெட்டி வாங்கினேன். உன் படத்தை அப்படியே விட்டுவிட மனம் வந்திருந்தால் வந்தும் இருப்பேன்.

அந்த ஆறு நிமிடம் கடிகாரக் கோளாறு இல்லை. அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுத்தவன் நான், அது பிந்தவே பிந்தாது.

பேனாவைப் பிடித்திருக்கும் கை ஒரு மூலையில் ஆணியில் மாட்டியிருக்கும். அழுத்தம் ஏறினால் அந்தக் கை கதவு திறப்பதுபோல வளைந்துதான் வெளியே போகும். மேசை இழுப்பறை மாதிரி நேராக வராது. அதனால்தான் தாளில் அச்சடித்த பச்சை மணிக்கோடுகளும் வளைந்திருக்கும். உங்கள் மெஷின் பச்சையைத் துடைத்துவிட்டு, மையத்திலிருந்து நேராகக் கோடு பிடித்து மணி பார்க்கிறது. அழுத்தம் குறைவான இடத்தில் தப்பு சின்னதாக இருக்கும், ஆறு நிமிடம் மாதிரி. முழு அழுத்தத்தில் பெரிதாக இருக்கும்.

தாளை எடு. நடுப்பகலிலிருந்து கிளம்பும் பச்சைக் கோட்டின்மேல் விரல் வைத்துக்கொண்டே வெளி ஓரம் வரை போ. எவ்வளவு சாய்கிறது என்று பார். அதைக் கணக்கில் சேர்த்து மறுபடி நீட்டு. கண்ணாடிக்காரப் பையனுக்கு அரை நாள் வேலைதான்.

இதற்குமேல் எழுத வரவில்லை. ஜூனுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

தம்பி


ஜூலை 2

1:46.

நீராவி நிறுத்தியது அப்போதுதான், பையன் இரண்டு முறை போட்டுப் பார்த்தான். மூடி திறந்த வெட்டு இப்போது 2:05இல் விழுகிறது. கடிகாரம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. பத்தொன்பது நிமிடம்தான் ஆறியிருக்கிறது.

பச்சைக் கோடு வளைந்திருப்பதை ஆறு மாதமாகக் கையில் வைத்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன்.

சின்னது வேலையில் சேர்ந்துவிட்டாள்.

ஒரே கேள்வி. புத்தகத்தில் ஏன் 1:20 என்று எழுதினாய்?


ஜூலை 15

அக்காவுக்கு,

சுகம் கேட்க எனக்கு முகம் இல்லை.

புத்தகத்தை நாங்கள் யாருமே நேரம் பார்த்து எழுதியதில்லை. காலை ஆறு மணிக்கு வந்ததும் எட்டு மணி நேரத்துக்கும் பத்தியை நிரப்பி வைத்துவிடுவோம். மூன்று ஷிப்டும் அப்படித்தான், மாமாவும்தான். வேலை பிந்தினால் அடுத்து வருகிறவரிடம் வாயால் சொல்லிவிடுவோம். "புக்கை நம்பாதீங்க, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு." அவ்வளவுதான். டேங்கின் மீட்டர் முள் ஒரு வருடமாகவே ஒட்டிக்கொண்டு கிடந்தது, அதை யாரும் பார்ப்பதில்லை. வாய்ச்சொல்லில்தான் மூடி திறந்தது.

அன்று முந்தின லோடு இறங்கத் தாமதம். டேங்கை மூடியபோதே பிந்திவிட்டது. 1:46 என்று உன் மெஷின் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

அந்த வாய்ச்சொல்லை நான் சொல்லவில்லை. நானும் மாமாவும் பேசிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. உனக்குத் தெரியும், அவருடைய குடை. கடன் வாங்கிப் போய், கம்பி ஒடிந்ததைச் சொல்லாமல் திருப்பி மாட்டிவிட்டேன். கேன்டீனில் எல்லோர் முன்னாலும், "குடையை ஒடிச்சிட்டு வாயைத் திறக்கலையே, இவன் நாக்கிலயும் கம்பி ஒடிஞ்சு போச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும், அன்று வரவில்லை.

இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்டுக்கு அவர் வந்தார். சாவியை மேசையில் வைத்தேன். அவர் புத்தகத்தைப் புரட்டினார். கேட்டால் சொல்லலாம் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. நான் குழாயடிக்குக் கை கழுவப் போனேன். போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன் அக்கா, சத்தியமாக நினைத்தேன். சோப்புப் போட்ட கை, கழுவிவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். அப்போதுதான் சத்தம். காது போனது அங்கேதான்.

விசாரணையில் "புத்தகத்தில் இருப்பது சரியா?" என்று கேட்டார்கள். சரி என்றேன்.

திருத்தின படத்தை நீ தொழிற்சாலையில் கொடுக்க வேண்டும். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். நான் நேரில் வந்து சொல்ல வேண்டுமென்றால் அடுத்த வண்டியில் ஏறுகிறேன். பெட்டி அப்படியே இருக்கிறது.

தம்பி


செப்டம்பர் 3

அக்காவுக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. வரவா என்று மட்டும் ஒரு வரி எழுது.

தம்பி


அக்டோபர் 11

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்கிறேன், பொய்யும் இல்லை.

பதில் எழுதாததற்கு ஒரு காரணம் வேலை. அந்த ஒரு தாளை மட்டும் திருத்த முடியாது. வளைவு எல்லாத் தாளுக்கும் ஒன்றுதான். ஏற்றி முடித்த அத்தனை தாளையும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். மானேஜர், "அந்த ஒண்ணை மட்டும் பழையபடி விட்டுடுங்களேன் மேடம், பாவம், உங்க தம்பிதானே" என்றார். நல்ல மனிதர், எனக்காகத்தான் சொன்னார். நான் விடவில்லை. தாள் ஒன்று சொல்கிறது, புத்தகம் வேறொன்று சொல்கிறது என்று எழுதி, உன் ஜூலைக் கடிதத்தின் நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். போன வாரம் ஃபைலில் ஒரு தாள் ஒட்டினார்கள். "கவனக்குறைவு" என்பதன்மேல் நேர்கோடு ஒன்று இழுத்திருக்கிறார்கள். ஸ்கேல் வைத்துத்தான் இழுத்தார்கள், நான் பக்கத்தில் நின்றேன். புது ஆட்களிடமிருந்து உனக்குக் கடிதம் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அன்றைக்காவது அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மத்தியானம் மீதித் தாள்களை அடுக்கினேன்.

இன்னொரு காரணம், உன்மேல் எனக்கு என்ன கோபம் என்று தேடிக்கொண்டிருந்தேன். புத்தகத்துக்காகக் கோபம் வரவில்லை, அவரும் அப்படித்தான் எழுதினார் என்கிறாய். சோப்புப் போட்ட கைக்காக வருகிறது. விசாரணையில் சரி என்று சொன்னாயே, அதற்காக வருகிறது. அதைவிட, மார்ச்சில் நான் "தப்பு அவருடையதுதான்" என்று எழுதினேன் பார், அதற்காக வருகிறது. செத்தவரைப் பற்றி என் கையாலேயே அப்படி எழுதவைத்துவிட்டாய். ஆனாலும் நீ அந்தப் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் ஜூனில் வந்து, இங்கே கட்டில் போட்டுப் படுத்திருப்பாய், எனக்குச் சாகும்வரை தெரிந்திருக்காது. அதையும் நான் மறக்கவில்லை.

சின்னதிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "குடைக்காகவாம்மா?" என்றாள். மறுநாள் மழையில் நனைந்துகொண்டே வேலைக்குப் போனாள். குடை மறுபடி கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

வரவா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வராதே. அவளும் நானும் இன்னும் ஆறவில்லை. இந்த வீட்டுக் கதவை நீ இப்போது திறக்கக் கூடாது, கொஞ்சம் பொறு. எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறியதும் நானே சொல்வேன். உன்னோடு பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொல்லாமல் இருக்க மாட்டேன்.

காதுக்கு மருந்து விடு.

அக்கா